ஒரு காட்சியை மிக்ஸ் செய்வது எப்படி: முதல் ஃபேடரிலிருந்து கடைசி ஃபைல் வரை

படத்தின் எடிட்டிங் முடிந்துவிட்டது. வசனம், டப்பிங், ஃபோலி (காலடி, உடை உரசல் போன்ற ஒலிகள்), எஃபெக்ட்ஸ், ஆம்பியன்ஸ் (இடத்தின் பின்னணி ஒலி), பின்னணி இசை எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வந்தாயிற்று. மொத்தத்தையும் டைம்லைனில் போட்டு ஓடவிட்டால் ஒரே இரைச்சல். முதன்முறை மிக்ஸ் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வசனம் கேட்கவில்லை என்று வசனத்தின் ஃபேடரை, அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை, ஏற்றுவார்கள். அப்புறம் இசை அமுங்கிவிட்டது என்று இசையை ஏற்றுவார்கள். அடுத்து மழைச் சத்தம் போதவில்லை. அரை மணி நேரத்தில் மீட்டர் சிவப்பில் நிற்கும், காட்சி மட்டும் தொடங்கிய இடத்திலேயே இருக்கும்.

இந்த நொடியில் பார்ப்பவரின் காது எதைப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுப்பதும், மற்றவற்றை அதற்கு வழிவிடச் செய்வதும்தான் மிக்ஸிங். அதனால் கை அதிகம் போக வேண்டியது குறைக்கும் பக்கம். கீழே உள்ள வரிசை குறும்படத்துக்கும் பொருந்தும், முழுநீளப் படத்துக்கும் பொருந்தும். ப்ரோ டூல்ஸ், ரீப்பர், டாவின்சி ரிசால்வின் ஃபேர்லைட் என எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் அடிப்படை மாறாது.

1. படம் லாக் ஆகட்டும்

லாக் ஆகாத, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவாகாத எடிட்டை மிக்ஸுக்கு எடுக்காதீர்கள். நடுவில் பத்து ஃப்ரேம் வெட்டினால்கூட அதற்குப் பின்னால் உள்ள அத்தனை ட்ராக்கும் நகர வேண்டும்; ஆட்டோமேஷனும் (பதிவு செய்த ஃபேடர் அசைவுகள்) கூடவே நகர வேண்டும்.

எடிட்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஏஏஎஃப் ஃபைல், அதாவது எடிட்டின் ஒலிக் கிளிப்புகளை அவற்றின் இடத்தோடு கொண்டுவரும் ஃபைல். ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னும் பின்னும் சில நொடிகள் உபரியாக இருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய அடுத்தது எழுவது) போடவும், வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூச்சை மீட்கவும் அந்த உபரிதான் உதவும். இரண்டு, டைம்கோட் (மணி:நிமிடம்:நொடி:ஃப்ரேம்) படத்தின் மேலேயே பதிக்கப்பட்ட வீடியோ. மூன்று, எடிட்டில் இருந்த தற்காலிக ஒலியின் கைடு ட்ராக். இயக்குநர் மாதக்கணக்கில் கேட்டுப் பழகியது அந்தத் தற்காலிக ஒலியைத்தான். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிய அதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது.

செஷன் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஃப்ரேம் ரேட் வீடியோவில் என்னவோ அதுவேதான், ஊகம் வேண்டாம். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றரை நொடி விலகிவிடும். படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால், ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு, 1,000 ஹெர்ட்ஸில் ஒரு 'பீப்' வையுங்கள். படம் 01:00:00:00-இல் தொடங்கினால் பீப் 00:59:58:00-இல் வரும். பிறகு எந்த ஃபைல் எங்கே போனாலும் சின்க் (படமும் ஒலியும் ஒத்துப்போவது) சரிபார்க்க அந்த ஒரு பீப் போதும்.

2. ஸ்பீக்கர் அளவை நிர்ணயித்து, வால்யூம் குமிழை மறந்துவிடுங்கள்

நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஒலி குறையக் குறைய அடிநாதமும் உச்சமும் காதிலிருந்து முதலில் நழுவும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வரைந்த சம உரப்புக் கோடுகள் காட்டுவது இதைத்தான். மெல்ல வைத்து மிக்ஸ் செய்தால் பேஸை அள்ளிப் போடுவீர்கள். சத்தமாக வைத்தால் வசனத்தைக் குறைவாக விட்டுவிடுவீர்கள், ஏனென்றால் அந்த அளவில் எல்லாமே தெளிவாகக் கேட்கும். நேற்று ஓர் அளவு, இன்று ஓர் அளவு என்றால் இரண்டு காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது.

திரையரங்கு மிக்ஸிங் அறைகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. டிஜிட்டல் உச்ச அளவுக்கு 20 டெசிபல் கீழே (-20 dBFS) பிங்க் நாய்ஸை, அதாவது எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சலை, ஒரு முன் ஸ்பீக்கரில் மட்டும் ஓட்டி, உட்காரும் இடத்தில் சவுண்ட் லெவல் மீட்டரை வைத்து, மீட்டரின் சி-வெயிட்டிங், ஸ்லோ அமைப்பில் 85 டெசிபல் வரும்படி அமைப்பார்கள். 5.1-இல் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதோடு ஓர் அடி அதிர்வுச் சேனல்) பின் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 82. சின்ன அறையில் 85 தாங்காது. சுவர்கள் பக்கத்தில் இருப்பதால் காது விரைவில் களைத்துவிடும். அங்கே 76-இலிருந்து 79-க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எந்த எண் என்பதைவிட அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். குமிழில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள்.

ஹெட்ஃபோன் மட்டுமே இருக்கிறதா? செய்யலாம், ஆனால் இரண்டு இடங்களில் அது ஏமாற்றும். ரிவெர்ப் (அறையின் எதிரொலி) உள்ளதைவிட அதிகமாகக் கேட்கும், அதனால் குறைத்துப் போடுவீர்கள். இடது வலது விலகலும் மிகையாகத் தெரியும். இந்த இரண்டையும் முடிவெடுக்கும்போது எப்படியாவது ஒரு ஜோடி ஸ்பீக்கரில் கேட்டுவிடுங்கள்.

3. ட்ராக்குகளைப் பிரித்து அடுக்குங்கள்

மேலிருந்து கீழாக: வசனம், டப்பிங், ஆம்பியன்ஸ், ஃபோலி, எஃபெக்ட்ஸ், இசை. ஒவ்வொரு குழுவும் தனி பஸ்ஸுக்கு (ட்ராக்குகள் ஒன்றுசேரும் பொது வழி) போக வேண்டும், அந்த பஸ்கள் மாஸ்டருக்கு (இறுதி வெளியீடு) போக வேண்டும். ரிவெர்பும் குழுவுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கட்டும். வசனமும் காலடிச் சத்தமும் ஒரே ரிவெர்பைப் பகிர்ந்துகொண்டால், வேறு மொழியில் டப் செய்ய வசனத்தை நீக்கித் தரும்போது பழைய குரலின் எதிரொலி உள்ளேயே தங்கிவிடும்.

4. ஃபேடரைத் தொடாமல் ஒரு முறை பாருங்கள்

நோட்டை எடுத்துக்கொண்டு படத்தை நிறுத்தாமல் பாருங்கள். காட்சிக்கு ஒரு வரி போதும்: இதில் எது கேட்டே ஆக வேண்டும், யாருடைய காதால் நாம் கேட்கிறோம், எங்கே சத்தம் உச்சம், எங்கே அமைதி. உச்சத்துக்கு முந்தைய காட்சி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை இப்போதே குறித்துவையுங்கள். வெடிச்சத்தம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் அதைப் பெரிதாக்குவது ஒரு வழி. அதற்கு முந்தைய ஐந்து நொடியைத் தணிப்பது இன்னொரு வழி, பெரும்பாலும் அதுவே நல்ல வழி.

5. வசனம்: நேரத்தில் பாதி இங்கே போகட்டும்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பிறகு எதைச் செய்தும் பயனில்லை. மற்ற எல்லா ட்ராக்கையும் மியூட் செய்துவிட்டு வசனத்தை மட்டும் வைத்து முழுக் காட்சியையும் ஓட்டுங்கள்.

முதலில் எந்த மைக் என்று முடிவெடுக்க வேண்டும். சின்க் சவுண்டில் (படப்பிடிப்பிலேயே பதிவான ஒலி) கம்பில் நீட்டிய பூம் மைக்கும் உடையில் மாட்டிய லேப்பல் மைக்கும் இரண்டும் இருக்கும். பூம் இயல்பாகக் கேட்கும், அறையின் காற்றும் அதில் இருக்கும். லேப்பல் நெருக்கமாக இருக்கும். ஆனால் நெஞ்சில் ஒட்டியிருப்பதால் 800 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் வீங்கி, 3,000–4,000 ஹெர்ட்ஸ் பகுதி வற்றியிருக்கும். என் தேர்வு எப்போதும் பூம். அது தோற்கும் இடத்தில் மட்டும் லேப்பல். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பூம் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அலைவடிவங்களைப் பெரிதாக்கி நேராக்கிய பிறகு கலக்குங்கள்.

அடுத்து, ஷாட் வாரியாகப் பிரியுங்கள். ஒரே உரையாடலில் அவர் முகம் ஒரு கோணம், இவர் முகம் இன்னொரு கோணம் என்றால் ஒவ்வொரு கோணத்தையும் தனி ட்ராக்கில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பின்னணி இரைச்சல் வேறு மாதிரி இருக்கும். வெட்டு விழும் இடத்தில் அந்த இரைச்சல் டக்கென்று மாறுவதுதான் அமெச்சூர் ஒலியின் முதல் அடையாளம். படப்பிடிப்பில் எடுத்த ரூம் டோனை (யாரும் பேசாதபோது அந்த இடத்தின் ஒலி) இடைவெளிகளில் நிரப்பி, ஒவ்வொரு கிளிப்பின் ஓரத்தையும் கிராஸ்ஃபேட் செய்யுங்கள். ரூம் டோன் எடுக்கவில்லையா? 'ஆக்‌ஷன்' சொன்னதற்கும் முதல் வார்த்தைக்கும் நடுவில் ஒரு நொடியாவது சுத்தமான அமைதி கிடைக்கும். அதை எடுத்து ஒட்டிப் பெருக்கலாம்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் ப்ளக்-இன்கள் இப்போது மிகவும் தேறிவிட்டன, ஆகவே கை நீளும். குரலில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற வழவழப்பு தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். இரைச்சலைப் பாதியாகக் குறைத்தாலே போதும், மீதியை ஆம்பியன்ஸ் மூடிவிடும்.

ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் கருவி) நான்கு இடங்களைப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை-பாஸ் ஃபில்டரால் நீக்குங்கள். பெண் குரலென்றால் 100 வரை போகலாம். 200-இலிருந்து 400 வரை மந்தம் தேங்கும் இடம், இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் குரல் முன்னால் வரும். 2,000-இலிருந்து 4,000 வரை சொற்களின் தெளிவு இருக்கும் இடம். 5,000-இலிருந்து 8,000 வரை 'ஸ்', 'ஷ்' சீறும், அங்கே அந்தச் சீறலை அமுக்கும் டி-எஸ்ஸர் போடலாம். எண்களை மனப்பாடமாகப் போடாதீர்கள். ஈக்யூவின் ஒரு பேண்டை (அதிர்வெண் பகுதி) நன்றாக ஏற்றி மெல்ல நகர்த்துங்கள், எந்த இடத்தில் காது கூசுகிறதோ அங்கே குறையுங்கள்.

லெவலை மூன்று கட்டமாகச் சரிசெய்யுங்கள். முதலில் கிளிப் கெயினில் (ஒவ்வொரு கிளிப்பின் சொந்த அளவு) வரிக்கு வரி தோராயமாகச் சமப்படுத்துங்கள். பிறகு சத்தமான இடங்களை மட்டும் அமுக்கும் கம்ப்ரஸர், லேசாக: 2:1 அல்லது 3:1, அதிகபட்சம் மூன்று நான்கு டெசிபல் அமுக்கினால் போதும். கடைசியாக ஃபேடரில் விரலை வைத்து வசனத்தோடு கூடவே ஏறி இறங்குங்கள். முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து எல்லாவற்றையும் கம்ப்ரஸர் தலையில் கட்டினால் மூச்சுச் சத்தமும் அறை இரைச்சலும் சேர்ந்து மேலே வரும்.

ஃபேடர் ஓட்டும்போது வரியின் கடைசியைக் கவனியுங்கள். நடிகருக்கு மூச்சு தீர்வதும் குரல் தேய்வதும் அங்கேதான். தமிழ் வாக்கியத்தில் வினையும் அங்கேதான் வருகிறது. 'எனக்கு அவரைத் தெரி...' வரை தெளிவாகக் கேட்டு, தெரியுமா தெரியாதா என்பது இசைக்குள் போய்விட்டால் காட்சியே போச்சு. கடைசி இரண்டு அசைகளுக்கு இரண்டு டெசிபல் தூக்கிக் கொடுங்கள். யாருக்கும் ஏற்றியது தெரியாது, புரிந்தது மட்டும் தெரியும்.

டப்பிங் குரலை மூலக் குரலோடு பொருத்துவது தனிக் கலை. ஸ்டூடியோவில் வாய்க்குப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்த குரலில் அடிநாதம் அதிகம், காற்று இல்லை. கீழ்ப்பகுதியைக் குறையுங்கள், அந்த அறைக்கு ஏற்ற சிறிய ரிவெர்ப் சேருங்கள், அடியில் அதே காட்சியின் ரூம் டோனைப் போடுங்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் குறை நடிப்பில் இருக்கலாம். ஓடி வந்து நின்றவர் போலப் பேசாத குரலை எந்த ப்ளக்-இன்னும் மூச்சிரைக்க வைக்காது.

தூரத்தையும் இங்கேயே அமையுங்கள். பக்கத்தில் நிற்பவர் குரலில் நேரடி ஒலி அதிகம், எதிரொலி குறைவு. தள்ளிப் போகப் போக எதிரொலியின் பங்கு கூடும், உச்ச அதிர்வெண்கள் மங்கும். ஃபேடரை மட்டும் இறக்கினால் ஆள் தூரமாகப் போக மாட்டார், பக்கத்திலேயே நின்று மெல்லப் பேசுவார். தொலைபேசிக் குரலுக்கு 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். பழைய தொலைபேசி இணைப்பின் அளவு அது. இன்றைய கைபேசிகள் இதைவிட நன்றாகக் கேட்டாலும், திரையில் போன் குரல் என்று காது நம்புவது இன்னமும் இதைத்தான்.

6. ஆம்பியன்ஸ்

ஒரே ஸ்டீரியோ ஃபைலைக் காட்சி முழுக்கப் படரவிடாதீர்கள். மூன்று அடுக்காகக் கட்டுங்கள்: அசையாத அடித்தளம் (காற்று, தூரத்துப் போக்குவரத்து, மின்விசிறி), மெல்ல மாறும் நடு அடுக்கு, எப்போதாவது வரும் தனி ஒலிகள். ஒரு பறவை, தூரத்தில் ஒரு ஹாரன், பக்கத்து அறையில் ஒரு கதவு. இந்தத் தனி ஒலிகளை வசனத்தின் இடைவெளிகளில் வையுங்கள். பேச்சின் மேல் விழுந்தால் அது இடையூறு. பேச்சுக்கு நடுவே விழுந்தால் அது இடம்.

காட்சி மாறும்போது ஆம்பியன்ஸ் படத்தோடு சேர்ந்தே வெட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த காட்சியின் ஒலி அரை நொடி முன்னதாக நுழைந்தால் வெட்டு வழுக்கிப் போகும். சட்டென்று மாறினால் அதிர்ச்சி. எது வேண்டும் என்பது காட்சிக்குக் காட்சி மாறும்.

7. ஃபோலியும் எஃபெக்ட்ஸும்

காலடி, உடை உரசல், கோப்பை வைக்கும் ஒலி ஆகியவை ஃபோலி. யுனிவர்சல் ஸ்டூடியோவில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயரே தொழிலுக்கு நின்றுவிட்டது. தனியாகக் கேட்கும்போது அழகாக இருக்கும் ஃபோலி, மிக்ஸில் வழக்கமாக நான்கைந்து டெசிபல் அதிகமாகவே இருக்கும். சரியான அளவு எது? மியூட் செய்தால் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும். போட்டால் தனியாகத் தெரியக் கூடாது.

நிறையப் பேர் நடக்கும் காட்சியா? ஒலி வடிவமைப்பாளர் வால்ட்டர் மர்ச் சொல்லும் 'இரண்டரை' விதி கைகொடுக்கும். ஒருவர் நடந்தாலும் இருவர் நடந்தாலும் ஒவ்வொரு காலடியும் படத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். மூன்று பேராகிவிட்டால் மூளை தனித்தனியாகக் கணக்கு வைப்பதை விட்டுவிட்டு 'கூட்டம்' என்று எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு சின்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம். இதே எல்லை மிக்ஸ் முழுமைக்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளைக் காது தெளிவாகப் பின்தொடரும், மூன்றாவது வந்தால் எல்லாம் கலங்கிய குழம்பு. ஆகவே ஒவ்வொரு நொடியிலும் முன்னால் நிற்பவை இரண்டு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எஃபெக்ட்ஸை அடுக்கிக் கட்டும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை கொடுங்கள். கதவு அறைந்து சாத்தப்படுகிறது என்றால் தாழ்ப்பாளின் 'கிளிக்' உச்சியில், மரத்தின் அடி நடுவில், அறையின் அதிர்வு அடியில். மூன்றும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருந்தால் சத்தம் கூடும், கனம் கூடாது.

8. இசை

இசையமைப்பாளரிடமிருந்து முடிந்தவரை ஸ்டெம்களாகவே, அதாவது தனித்தனிக் குழு ஃபைல்களாகவே வாங்குங்கள்: தாளம், தந்தி, பேஸ், தனி வாத்தியம் என்று. வசனத்தோடு மோதுவது பெரும்பாலும் ஒரே ஒரு வாத்தியமாக இருக்கும். ஒரு வயலின் குரலின் எல்லைக்குள் ஏறி நிற்கும். அதை மட்டும் மூன்று டெசிபல் இறக்கினால் மொத்த இசையையும் அமுக்கத் தேவையில்லை. ஸ்டெம் இல்லையென்றால் 1,000-இலிருந்து 4,000 வரை அகலமான ஒரு சிறு பள்ளம் போடுங்கள். வசனத்தைச் சைட்செயினாகக் கொடுத்து இசையைத் தானாக இறங்கவைப்பது வேகமான வழி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இசை குனிந்து நிமிர்வது கேட்டுவிடும். கையால் ஓட்டுவதே மேல்.

இசை நுழையும் இடத்தைப் பற்றி மிக்ஸ் செய்பவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்பது என் கட்சி. முக்கியமான வரிக்கு முன்னால் இசை வந்தால் என்ன உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது. வரிக்குப் பின்னால் வந்தால் உணர்ந்ததைத் தாங்கிப் பிடிக்கிறது. நான்கு நொடி தள்ளிப் போட்டுப் பார்க்கலாமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். அதிகம் போனால் மறுப்பார்.

9. ஒரு காட்சியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்

இரவு. மழை. தகரக் கூரை போட்ட நிழற்குடைக்குக் கீழே இருவர். அவள், 'நாளைக்கு நான் வரமாட்டேன்' என்கிறாள். எதிரே ஒரு லாரி கடந்து போகிறது. அவன் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடிக்கிறது.

மழை என்பது ஒலியின் கண்ணால் பார்த்தால் கிட்டத்தட்ட வெள்ளை இரைச்சல். எல்லா அதிர்வெண்ணிலும் இருக்கும், மெய்யெழுத்துகளின் ஓரங்களை அரித்துவிடும். இதைப் பிரியுங்கள்: தூரத்து மழையின் பரந்த 'ஷ்ஷ்', தகரத்தில் விழும் கூர்மையான துளிகள், கூரை ஓரத்திலிருந்து சொட்டும் நீர். மூன்றும் மூன்று ட்ராக்.

வைட் ஷாட்டில் மூன்றும் முழுதாக இருக்கட்டும். முதல் மூன்று நொடியில் பார்ப்பவர் மழையை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அதை நினைவூட்டினால் போதும், நிரூபிக்கத் தேவையில்லை. அவள் முகத்துக்கு வெட்டும் இடத்துக்கு இரண்டு நொடி முன்பே மழையை இறக்கத் தொடங்குங்கள், மொத்தம் ஐந்து டெசிபல். முதல் சொல்லில் சட்டென்று இறக்கினால் காது பிடித்துவிடும். தகரத் துளிகளை க்ளோஸப்பில் கிட்டத்தட்ட எடுத்துவிடுங்கள். சொற்களோடு மோதுவது அவைதான். சொட்டும் நீர் தங்கட்டும், அது இடைவெளி விட்டு விழுவதால் வசனத்துக்கு நடுவில் நகர்த்தி வைக்கலாம். பரந்த மழையில் 2,000–4,000 பகுதியில் மூன்று டெசிபல் பள்ளம். 5.1-ஆக இருந்தால் மழையை நடு ஸ்பீக்கரில் போடவே வேண்டாம், அது அவள் குரலுக்கு.

லாரியின் விளக்கு படத்தில் தெரிவதால் அதை நகர்த்த முடியாது. அது 'வரமாட்டேன்' மேலேயே வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிரித்து வையுங்கள்: எஞ்சினின் அடி உறுமல் வரிக்குக் கீழே வந்துகொண்டிருக்கட்டும், அது குரலோடு மோதாது. டயர் நீரைக் கிழிக்கும் 'ஷ்ர்ர்' மட்டும் தனி ட்ராக்கில், 'மாட்டேன்' முடிந்த பிறகு உச்சத்துக்குப் போகட்டும். படத்தில் லாரி கொஞ்சம் முன்னதாகவே கடந்திருக்கும். ஐந்தாறு ஃப்ரேம் தள்ளினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லார் கண்ணும் அவள் முகத்தில் இருக்கும்.

லாரி போன பிறகு மழை பழைய அளவுக்குத் திரும்பக் கூடாது. முன்பு இருந்ததைவிட இரண்டு டெசிபல் குறைவாக வையுங்கள். மழை நிற்கவில்லை, ஆனால் அவனுக்கு அது கேட்கவில்லை. நான்கு நொடி இப்படியே. இசை வருவதானால் இங்கே, இந்த இடைவெளியின் பின்பாதியில். போனின் முதல் அடி முழு அளவில் வந்து இருவரையும் திடுக்கிட வைக்கட்டும். இரண்டாவதிலிருந்து நான்கு டெசிபல் இறக்குங்கள். அடித்துக்கொண்டிருக்கிறது என்பது முதல் அடியிலேயே பதிந்துவிட்டது.

10. இடமும் திசையும்

வசனம் நடுவில். ஆள் திரையின் இடது ஓரத்தில் நின்றாலும் நடுவில்தான். ஷாட் மாறும்போதெல்லாம் குரல் பக்கம் தாவினால் எரிச்சல் வரும். வாகனம், காலடி போன்ற நகரும் ஒலிகளைப் பேன் செய்யலாம் (இடம் வலமாக நகர்த்தலாம்), ஆனால் திரையின் எல்லைக்குள். பின் ஸ்பீக்கர்களில் ஆம்பியன்ஸும் ரிவெர்பும் போதும். கூர்மையான ஒலியைப் பின்னால் வைத்தால் பார்ப்பவர் தலை திரும்பும், அது வேண்டுமென்று செய்தால் மட்டும் சரி.

எல்எஃப்இ சேனல் (5.1-இன் அந்த '.1') 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள விசேஷ அதிர்வுகளுக்கு மட்டும். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது இந்தச் சேனலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே கதைக்கு அவசியமான எந்த ஒலியும் அங்கே மட்டும் இருக்கக் கூடாது.

11. சேர்த்து ஓட்டுங்கள்

குழு குழுவாகத் தயாரானதைத்தான் ப்ரீமிக்ஸ் என்கிறார்கள். இப்போது இறுதி மிக்ஸ். வசனத்தை ஓட்டி, ஆம்பியன்ஸைத் திறந்து, எஃபெக்ட்ஸ், ஃபோலி, கடைசியில் இசை. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் வசனம் ஒரு சொல்லாவது மறைந்தால், திறந்ததைக் குறையுங்கள். வசனத்தைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு வசனம் மனப்பாடமாகியிருக்கும், அதனால் கேட்காததும் கேட்கும். கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, புரியாத சொல் வரும்போது கை தூக்கச் சொல்லுங்கள். காரணம் கேட்க வேண்டாம், டைம்கோடை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிட ஓய்வு அவசியம். இரவு வெகு நேரம் விழித்துச் செய்த மிக்ஸில் உச்ச அதிர்வெண்கள் அநேகமாக அதிகமாகவே இருக்கும்.

12. லவுட்னஸும் டெலிவரியும்

எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 விதி -23 எல்யூஎஃப்எஸ் (நிகழ்ச்சி முழுவதன் சராசரி உரப்பின் அலகு) கேட்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு -24. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை மட்டும் அளந்து -27, இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம்; ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) -2 டெசிபலைத் தாண்டக் கூடாது. யூடியூப் ஏறக்குறைய -14-க்கு மேல் போவதைத் தானே இறக்கிவிடும். குறைவாக இருப்பதை ஏற்றித் தராது. திரையரங்குக்கு இப்படிப்பட்ட எண் கிடையாது, அளவு நிர்ணயித்த அறையில் காதால் செய்வதுதான்.

அதனால் முதலில் திரையரங்கு மிக்ஸ். பிறகு அதிலிருந்து தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் தனிப் பதிப்பு. மாஸ்டரில் உச்சத்தை ஓர் எல்லையில் நிறுத்தும் லிமிட்டரைப் போட்டு எண்ணை எட்டவைப்பது சோம்பேறி வழி. உச்சங்கள் நசுங்கும், மெல்லிய வசனமோ அப்படியே தங்கும். உச்சக் காட்சிகளை ஃபேடரில் இறக்கி, கிசுகிசுப்புகளைக் கொஞ்சம் ஏற்றி, பிறகு அளந்து பாருங்கள்.

5.1-ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது நடுச் சேனலும் பின் சேனல்களும் வழக்கமாக 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் சேர்க்கப்படும். பின்னால் பரந்திருந்த மழையும் இசையும் முன்னால் வந்து வசனத்தின் மேல் உட்காரும். இந்த ஸ்டீரியோவைத் தனியே கேட்டுத் திருத்துங்கள். பிறகு மோனோவில், ஒரு கைபேசியின் ஸ்பீக்கரில். கதவு அறைவதன் அடிநாதம் அங்கே கேட்காது, ஆனால் கதவு சாத்தியது தெரிய வேண்டும்.

கொடுக்க வேண்டியவை: முழு மிக்ஸ்; வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்று ஸ்டெம்; வேறு மொழி டப்பிங்குக்கு வசனம் இல்லாத இசை-எஃபெக்ட்ஸ் ட்ராக். இந்தக் கடைசியில் கவனம் தேவை. சின்க் சவுண்டை மியூட் செய்தால் அதோடு சேர்ந்திருந்த காலடி, கோப்பை, கதவு எல்லாமே போய்விடும். அந்த ஓட்டைகளை ஃபோலியால் நிரப்பியாக வேண்டும். மூன்று ஸ்டெம்களையும் ஒன்றாக ஓட்டினால் முழு மிக்ஸ் அச்சாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். முழு மிக்ஸின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) கூடவே ஓட்டினால் மௌனம் வர வேண்டும். ஏதாவது மிஞ்சிக் கேட்டால் ஒரு ட்ராக் தப்பான பஸ்ஸில் இருக்கிறது, அல்லது மாஸ்டரில் ஏதோ ப்ளக்-இன் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். 5.1-க்குச் சேனல் வரிசை இடது, வலது, நடு, எல்எஃப்இ, இடப் பின், வலப் பின். நடுவும் வலதும் இடம் மாறிப் போன ஃபைல்கள் திரையரங்கு வரை போய்ச் சேர்வது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஃபைல் பெயரில் படம், பதிப்பு எண், ஃப்ரேம் ரேட், தேதி எல்லாம் இருக்கட்டும். 'இறுதி' என்ற சொல் மட்டும் வேண்டாம், அதற்குப் பிறகும் ஒன்று வரும். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைப் புதிய செஷனில் படத்தோடு வைத்து, பீப்பிலிருந்து கடைசி டைட்டில் வரை ஒரு முறை முழுசாக ஓட்டிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.